பொத்தி வாசல்

பொத்தி வாசலுக்கு முன்னால் வந்ததும் கதைக்காரி குரலைத் தணித்துவிடுவாள். தணித்தால்தான் கூட்டம் நெருங்கி வரும் என்பது பன்னிரண்டு வருஷ வழிகாட்டி வேலையில் அவள் கற்றுக்கொண்ட தொழில் சூட்சுமம். முன் தெருவில், மணிக்கூண்டுக்குக் கீழே, பழைய சுங்கக் கட்டடத்தின் உருண்டைத் தூண்களுக்கு நடுவே நின்று தொண்டை வறளக் கத்திய வருஷக் கணக்கும் துரைமார் பெயர்களும் காற்றோடு போய்விடும். இந்தச் சந்தில், பச்சைச் சாயம் உரிந்து, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் நிற்கும் ஒற்றைக் கதவுக்கு முன்னால் அவள் முணுமுணுத்தது மட்டும் வந்தவர்களுக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் மறக்காது.

"இந்த வீட்டைக் கட்டின துரைக்கு இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி மேல உயிர்," என்று ஆரம்பிப்பாள். "முன்வாசல் வழியா அவளைக் கூட்டிட்டு வர முடியாது. அவங்க ஆளுங்களும் ஒத்துக்க மாட்டாங்க, நம்ம ஆளுங்களும் ஒத்துக்க மாட்டாங்க. அதனால அவளுக்குன்னே தனியா இந்த வாசலை வெச்சான். கடைசி வரைக்கும் அவளைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான். அதான் இதுக்குப் பேரு பொத்தி வாசல்."

அவ்வளவுதான். பெண்கள் 'உச்' கொட்டுவார்கள். கல்யாணமாகி முப்பது வருஷமான தம்பதிகூடக் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். முந்தின தெருவில் 'ஏன்டி இந்த வெயில்ல இழுத்துட்டு வந்தே' என்று சிடுசிடுத்த புருஷன்தான் அவர்.

கதவுக்கு அந்தப் பக்கம், நாலே எட்டில், கதைக்காரியின் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். கதை முழுவதும் அவன் காதில் விழும். கூட்டத்தில் யாராவது எட்டிப் பார்த்து, "உள்ளே இருக்கிற அவர் யாருங்க?" என்று கேட்டால், "இங்க குடியிருக்கிறவர்," என்பாள். அண்ணனும் யாரோபோலத் தலையை ஆட்டிவிட்டுக் காலரைத் திருப்பிப் போடுவான். அப்படி ஒரு ஒப்பந்தம் எதுவும் அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவள் முதல் நாள் அப்படிச் சொன்னாள், அவன் சரி என்று விட்டுவிட்டான். தங்கை பிழைப்பு நடந்தால் சரி என்று நினைக்கிற ஆள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் தனியாகத் திரும்பி வந்து, அண்ணி தரும் டீயைக் குடிக்கும்போதுதான் அவன் வாயைத் திறப்பான்.

"என்ன வாயாடி, இன்னிக்கு உன் துரை எத்தனை பேரை அழ வெச்சான்?"

"ரெண்டு பேரு கண்ணைத் துடைச்சாங்க."

"கேப்பையில நெய் வடியுதுன்னு நீ சொல்றே. கேக்கறவங்களும் பாத்திரம் எடுத்துட்டு வர்றாங்க," என்று சொல்லிச் சிரிப்பான்.

அவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

அந்தப் பேட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. முன்னால் பார்த்தால் ஒவ்வொரு வீடும் சீமை. வளைவு வளைவான வாசல், சாய்பலகை அடுக்கிய ஆளுயர மரச் சிலாத்து ஜன்னல், பூ வேலை செய்த இரும்புக் கைப்பிடி வைத்த மாடி. உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம், கிணறு, சரிந்த ஓட்டுக் கூரை, காலுக்குக் குளிர்ச்சியான தரை. இரண்டு உலகமும் கை கோத்துக் கட்டியது என்று சுற்றுலாக்காரர்களுக்கு அச்சடித்த புத்தகம் சொல்கிறது. கட்டச் சொன்னவன் ஒருத்தன், கட்டியவன் ஒருத்தன். அதற்குப் பெயர் கை கோப்பது என்றால் கோத்துக்கொள்ளட்டும்.

புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. குழாயும் சாக்கடையும் வராத காலத்தில் அத்தனை பெரிய வீடுகளிலும் மாடியில் ஓட்டை போட்ட மரப் பெட்டி இருந்தது. அதன்மேல் துரை உட்காருவார். கீழே வாளி இருக்கும். விடியும் முன்பு ஒரு ஆள் சந்து வழியாக வந்து, பின்பக்கம் குனிந்து நுழைந்து, வாளியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஆள் முன்வாசலில் தெரியக் கூடாது, அவன் சுமப்பதும் தெரியக் கூடாது. அதற்காக வைத்ததுதான் அந்தக் குட்டைக் கதவு. அது திறக்கும் சத்தம் கேட்டால் சந்தில் நடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் அதற்கு மூக்குப்பொத்தி வாசல் என்று பெயர்.

அந்த வாளியைச் சுமந்தவர் கதைக்காரியின் தாத்தா. பிறகு அப்பா. குழாய் வந்து வாளி போன பிறகும் அப்பா அந்த வீட்டிலேயே சாக்கடை குத்தி, முற்றம் கழுவி, அந்தக் கதவை ஒட்டிய அறையிலேயே இருந்து செத்தும் போனார். அவளும் அண்ணனும் பிறந்தது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை மூக்கைப் பொத்தும். டீச்சர் அதட்டுவார். அதட்டும்போது அவர் உதட்டோரத்திலும் சிரிப்பு இருக்கும். தினமும் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்த பெண் அவள்.

அப்புறம் எப்படி மூக்குப்பொத்தி வாசல் பொத்தி வாசலாயிற்று? அது ஒரு பெயிண்டரின் கைவண்ணம். வீட்டுக்கு வீடு எண்ணும் பெயரும் எழுதச் சொல்லி நகராட்சி அனுப்பிய ஆள், கதவுக்கு மேலே இருந்த துண்டுப் பலகையைப் பார்த்தான். முழுப் பெயருக்கு இடம் போதாது. யோசித்துப் பார்த்து மூக்கை வெட்டிவிட்டான். ஆங்காரமாக அறுக்கப்பட்ட மூக்குகள் கதைகளில் உண்டு. சோம்பேறித்தனத்தால் போன மூக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கதைக்காரி வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் பலகையைப் படித்துவிட்டு, "பொத்தி வாசல்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள். பதினெட்டு பேர் அவளைப் பார்த்தார்கள். பழைய வகுப்பறை முழுவதும் சந்துக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. மூக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது துரையும் அவன் காதலியும்.

ஒரு தடவை சொன்னது இன்னொரு தடவையாயிற்று. மற்ற வழிகாட்டிகள் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் வந்தது. மூலைக் கடையில் பச்சைக் கதவு வைத்த சாவிக் கொத்து விற்றார்கள். அந்தத் துரைக்கு உண்மையில் என்ன பெயர், அவனுக்குக் காதல் இருந்ததா, மலச்சிக்கல்தான் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு பேணல் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது.

பழைய பேட்டையைப் பேணிக் காக்கவென்று தொடங்கிய அலுவலகம் அது. வீட்டின் சொந்தக்காரர்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். அலுவலகம் வீட்டை வாங்கிவிட்டது. அண்ணன் அறிவிப்பை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டான். அதுவே அதிசயம். ஏதாவது வேண்டுமென்றால் அவள்தான் போவாள்.

"படி," என்றான்.

படித்தாள். 'பொத்தி வாசல் எனப்படும் காதலர் வாசலும், அதை ஒட்டிய காதலியின் அறையும் அவற்றின் மூல நிலைக்கு மீட்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்படும். தற்போது குடியிருப்போர் ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும்.'

"காதலியின் அறையாம்," என்றான் அண்ணன். "நம்ம அம்மா அங்கதான் பிரசவ வலியில கத்தினா. அதைத்தான் சொல்றாங்களோ என்னவோ."

"அண்ணா, உன்கிட்ட அந்தப் பழைய கடுதாசி இருக்குல்ல?"

"இல்லாம என்ன. கொண்டுபோய்க் காட்டிட்டுத்தான் வர்றேன்."

கடுதாசி தாத்தாவுக்குக் கடைசி முதலாளி எழுதிக் கொடுத்தது. 'வாளி வாசலை ஒட்டிய வேலையாள் அறையில் இவனும் இவன் வாரிசுகளும் எத்தனை தலைமுறையானாலும் குடியிருக்கலாம்' என்று கையெழுத்தும் முத்திரையும் போட்ட காகிதம். அலுவலகத்தில் அதைப் புரட்டிப் பார்த்து, காகிதம் செல்லும் என்றே சொன்னார்களாம். ஆனால் அது இந்த அறையைப் பற்றியது இல்லையாம். இது காதலர் வாசல். வாளி வாசல் என்பது வடக்குப் பக்கம் இடிந்து விழுந்த சுவரில் இருந்திருக்க வேண்டும். ஆக, இடிந்து போன அறையில் எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"யாரு சொன்னாங்க இது காதலர் வாசல்னு கேட்டேன்," என்றான் அண்ணன். "இந்தப் பேட்டையைப் பத்தி ரொம்பத் தெரிஞ்ச வழிகாட்டி ஒருத்தங்க சொல்லியிருக்காங்கன்னு ஃபைலைக் காட்டினாங்க. உன் பேரு போட்டிருக்கு."

அவள் அறிவிப்பை மடித்து அவனிடமே நீட்டினாள்.

"வர்ற வாரம் விசாரணை. உன்னையும் கூப்பிடுவாங்க. ஒண்ணும் பெரிசா பேச வேணாம். அது மூக்குப்பொத்தி வாசல்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். என் அண்ணன்னுகூடச் சொல்ல வேணாம். நீ வாயால கட்டினதை நீயே வாயால அவுத்துடு."

"சொல்றேன் அண்ணா. இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?"

சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அந்த ஒரு வாரமும் வேலைக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வாளி வாசல். மூக்குப்பொத்தி வாசல். மலம் எடுத்த வாசல். சொல்லும்போதெல்லாம் பெஞ்சு பெஞ்சாக மூக்குகள் மூடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

விசாரணை அறையில் நீள மேஜை, அதன்மேல் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் பேட்டையின் வரைபடம். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா, இந்தப் பக்கம் மூலையில் ஒரு நாற்காலியில் அண்ணன், துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக. ஊர்ச் சட்டைக்கெல்லாம் மடிப்பு எடுத்தவன் தன் சட்டைக்கு மடிப்பு எடுத்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். சுவரோரம் அவளோடு வேலை பார்க்கும் வழிகாட்டிகள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டு விசாரணைக்கு வந்தவர்கள். அவர்கள் அங்கே இருப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"வாங்க வாங்க," என்று அதிகாரியம்மா எழுந்தே நின்றாள். "இவங்க இல்லேன்னா இந்தப் பேட்டையே இல்லை," என்று மற்றவர்களிடம் சொன்னாள். கதைக்காரிக்குத் தனியாக ஒரு கோப்பையில் டீ வந்தது, பிஸ்கட்டோடு.

"இவரைத் தெரியுமா உங்களுக்கு?"

கதைக்காரி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்திருக்கேன் மேடம். அங்க குடியிருக்கிறவர்."

அதுவரை பாதகமில்லை. அவனே அண்ணன் என்று சொல்ல வேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தான்.

"இவரு, அந்த வாசல் வேற மாதிரி வாசல்னு சொல்றாரு. எனக்கு வாயில சொல்லவே கூச்சமா இருக்கு." அதிகாரியம்மா முகத்தைச் சுளித்தாள். வலது கையின் இரண்டு விரல், பாவம், தன்னை அறியாமலேயே மூக்குப் பக்கம் போய்த் திரும்பியது. "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது என்ன வாசல்?"

சுவரோரத்தில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவளைப் பற்றியே இல்லாமல் இருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக்கூட இருக்கலாம். ஆனால் கதைக்காரிக்கு வயது நாற்பத்து மூன்றிலிருந்து எட்டாக இறங்கிவிட்டது.

"காலங்காலமா அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க மேடம்," என்றாள்.

"எப்படி? காதலர் வாசல்னா?"

"ஆமா."

அதிகாரியம்மா எழுதினாள். எழுதியதில் கதைக்காரி கையெழுத்துப் போட்டாள். கோப்பையில் டீ அப்படியே இருந்தது.

வெளியே படிக்கட்டில் அண்ணி காத்திருந்தாள். உள்ளே நடந்ததை அண்ணன் முகத்திலேயே படித்துவிட்டாள்.

"நல்லா இருக்கியாடி நீ?" என்று ஆரம்பித்தாள். "உனக்கு வெட்கமா இருக்கு, இல்ல? உன்னைப் படிக்க வெச்ச பணம் எந்த வாளியில வந்துச்சுன்னு மறந்து போச்சா? இருபது வருஷமா நெருப்புப் போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப் போன மனுஷன், உன் பேரு கெடக் கூடாதுன்னு யாரோ எவரோன்னு தலையாட்டினாரே, அவருக்கு இதுவா?"

"விடு," என்றான் அண்ணன்.

"எதை விட? வீட்டைத்தான் விட்டாச்சே!"

"விடுன்னா விடு." அவன் தங்கையைப் பார்க்காமல் படியிறங்கினான். அவள் பின்னாலேயே ஓடி, "அண்ணா, அத்தனை பேரு முன்னாடி எனக்கு…" என்றாள். அவன் நிற்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றிக்காட்டப் போனாள், மணிக்கூண்டு, சுங்கக் கட்டடம் எல்லாம் சொன்னாள். சந்து வந்ததும் தலைவலி என்று சொல்லிக் கூட்டத்தை வேறு தெரு வழியாகத் திருப்பிக்கொண்டு போனாள். நாலாம் நாள் காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். அதிகாரியம்மா வந்ததும் உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மூக்கு, வாளி, தாத்தா, அப்பா, பெயிண்டர், வெள்ளைத் தொப்பி, அண்ணன். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, இதைச் சொல்லி ஒருவரும் சாவதில்லை என்று. முப்பத்தைந்து வருஷம் எதற்குப் பயந்தோம் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டாள். கெட்டவள் இல்லை அவள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

"அப்போ பன்னிரண்டு வருஷமா பொய் சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"நாலு நாள் முன்னாடியும் இங்கேயே, கையெழுத்துப் போட்டு."

"ஆமா."

"இன்னிக்கு மட்டும் உண்மை."

"சத்தியமா மேடம்."

"அவரு உங்க அண்ணன். அந்த இடம் போனா அவரு தெருவுக்கு வருவாரு." அதிகாரியம்மா பெருமூச்சு விட்டாள். "நீங்களே என் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆதாயமும் இல்லாம ஆயிரம் பேர்கிட்ட சொன்னதை நம்புறதா? சொந்த அண்ணனுக்காக ஓடி வந்து சொல்றதை நம்புறதா? அன்னிக்கே அவரை அங்க குடியிருக்கிறவர்னு சொன்னதுக்கு அப்புறம் இது கோர்ட்டுல ஒரு நிமிஷம் நிக்காது."

"அங்க போய்ப் பாருங்க மேடம். கதவுக்கு மேல மாடியில இப்பவும் அந்த மரப் பெட்டி வெச்ச இடம் தெரியும். ஓட்டையைப் பலகை போட்டு மூடியிருக்கு."

"பார்த்தேன். அது வழியாக் கடுதாசி போட்டுக்குவாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவரு சொல்றாரு." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். குரலைத் தணித்தால் கேட்பவர்கள் நெருங்கி வருவார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. "நீங்க சொல்றதே நிஜமா இருக்கட்டும். கக்கூஸ் வாசலைப் பார்க்க யாரும்மா வருவா?"

தும்பை விட்டு வாலைப் பிடித்தால் மாடு நிற்குமா? மாடு போயே போய்விட்டது.

மாதக் கடைசியில் அறை காலியாயிற்று. இஸ்திரி மேஜையைத் தூக்கியபோது தரையில் நாலு கால் தடமும், சுவரில் சூடு பட்டுக் கறுத்த ஒரு கோடும் தெரிந்தன. அலுவலகத்து ஆட்கள் கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். மூல நிலைக்கு மீட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அண்ணி அடுப்பு வைத்திருந்த இடத்தில் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிய பித்தளைக் கட்டில் வந்தது. அதற்குக் கொசுவலை, சீமைக் கண்ணாடி, ஒரு ஜோடிச் செருப்பு. காதலி கழற்றிப் போட்டதாம். செருப்பு கதைக்காரியின் காலுக்கே சரியாக இருக்கும் அளவு. அது ஒன்றும் குறியீடு இல்லை, மலிவாகக் கிடைத்த அளவு அது.

அண்ணன் ஊரின் மறுகோடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாடகைக்குப் போனான். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் மின்சார இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள்.

கதவைத் திறந்த அண்ணன், "வாங்க," என்றான்.

தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உட்காருங்க," என்றான். இருந்த ஒரே நாற்காலியை அவன் துண்டால் தட்டிப் போட்டான். அண்ணி உள்ளே போய்விட்டாள்.

"அண்ணா, திட்டணும்னா திட்டு. அடிக்கணும்னாலும் அடி. இப்படிப் பேசாதே."

"உங்களைத் திட்ட நான் யாருங்க? நாலு பேரு மதிக்கிற இடத்துல இருக்கீங்க. டீ குடிக்கிறீங்களா?"

வாயாடி என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவள் அங்கேயே அழுது தீர்த்திருப்பாள். அவன் சொல்லவில்லை. மரியாதையிலேயே அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டான். பிறத்தியாரைத்தான் அப்படி அனுப்புவார்கள்.

அதற்கப்புறம்தான் அதிகாரியம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "உங்க அண்ணன் விஷயம் எனக்கு மனசுல உறுத்திட்டே இருந்தது," என்றாள். "வர்றவங்களுக்காகப் பின்பக்கம் புதுசா டாய்லெட் கட்டியிருக்கோம் இல்ல? அதைச் சுத்தமா வெச்சுக்க ஒரு ஆள் வேணும். அவருக்கே கொடுக்கச் சொல்லிட்டேன். மாசச் சம்பளம், வருஷத்துக்கு ரெண்டு சட்டை."

"மேடம், அவர் இஸ்திரிக்காரர்."

"தெரியும். ஆனா நீங்களே அன்னிக்குச் சொன்னீங்களே, பரம்பரையா அந்த வேலை பார்த்த குடும்பம்னு."

அறைக்காகச் சொன்னபோது பொய்யாகப் போனது, வாளிக்கு மட்டும் உண்மையாகியிருந்தது. அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிறவனால் அப்படிச் சொல்ல முடியாது என்பது தெரிந்தும் நம்பினாள்.

வாசலைக் காட்சிக்குத் திறந்த முதல் நாள் அவளுடைய கூட்டத்தில் இருபத்திரண்டு பேர். சந்துக்குள் வந்து நின்றாள். கதவுக்குப் புதிதாகப் பச்சைச் சாயம் அடித்திருந்தது. மேலே துண்டுப் பலகையை எடுத்துவிட்டு, அகலமான பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். மூக்கையும் சேர்த்து எழுத இப்போது தாராளமாக இடம் இருந்தது. ஆனால் 'காதலர் வாசல்' என்றுதான் எழுதியிருந்தது. வழக்கம்போலக் குரலைத் தணித்தாள். கூட்டம் நெருங்கியது.

"இந்த வீட்டைக் கட்டின துரைக்கு…"

கதவு உள்ளிருந்து திறந்தது. அண்ணன் குனிந்து வெளியே வந்தான். நீலச் சட்டை, கையில் வாளி, தோளில் துடைப்பம். சட்டையில் மடிப்பு கத்திபோல் இருந்தது. அந்த வேலைக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

"இவரு யாருங்க?" என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண், படம் எடுக்கக் கையைத் தூக்கியபடி.

இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருஷமாக எத்தனை பேரோ கேட்டிருக்கிறார்கள். கதைக்காரி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி, குரலைத் தணிக்காமல் சொன்னாள்.

"எங்க அண்ணன். என் கூடப் பிறந்தவர்."

இருபத்திரண்டு பேரும் அவளையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் வாளியைக் கை மாற்றிக்கொண்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான், நல்ல சிரிப்பாகவே.

"அம்மா வேடிக்கையாப் பேசுவாங்க," என்றான். "கதை சொல்றதுதானே அவங்க வேலை. நமக்கு அப்படி யாரும் கிடையாதுங்க."

கூட்டம் கலகலவென்று சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"வாளி வருது, மூக்கைப் பொத்திக்குங்க," என்றான் அவர்களிடம். அவர்கள் விளையாட்டுப்போலப் பொத்திக்கொண்டார்கள். சந்து குறுகல். கதைக்காரி நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றான் அவளிடம்.

அவள் வழி விட்டாள்.